பெருமாள் டீ குடிக்கவில்லை

ஊசி குத்துவது எப்படி என்று, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு எங்கள் குழுவில் ரிஸ்னா இருக்கிறாள். அவள் குத்தி முடித்த பிறகும் சிலர் "எப்ப குத்தப் போறீங்க?" என்று கேட்பார்கள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இரத்தம் எடுப்பது, குழாயில் பெயர் ஒட்டுவது, ஐஸ் பெட்டியில் அடுக்குவது எல்லாம் இரண்டு வாரத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். வாயை எப்போது மூடிக்கொள்வது என்பதுதான் எனக்கு முப்பத்தைந்து வருட ஆய்வுகூட உத்தியோகத்திலும் வரவில்லை. அது வராததால் நடந்த ஒரு காரியத்தைக் கேளுங்கள்.

பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்த என்னை இந்த ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டவர் எங்கள் டொக்டர். என் மகளைவிட இளையவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, ஏன் ஒரு சனத்துக்கு ஒரு மாதிரியும் இன்னொரு சனத்துக்கு வேறு மாதிரியும் வருகிறது, பரம்பரையில் அதற்கு என்ன பங்கு என்று பார்ப்பதுதான் வேலை. கேகாலைப் பக்கத்துச் சிங்களக் கிராமங்கள், மாவனல்லை முஸ்லிம் வீடுகள், அரநாயக்க மலைத் தோட்டங்கள் என்று எல்லா இடத்திலும் இரத்தம் எடுக்க வேண்டும். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்தார். கேகாலை பஜாரில் கடை வைத்திருந்தவரின் மகள் நான். தமிழும் சிங்களமும் சரளம். தோட்டத்து ஆட்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு உள்ளே நின்று பார்த்தவர்களுக்கு வரும் நினைப்பு அது.

வேன் மலை ஏறும்போதே சண்டை தொடங்கிவிடும். டிரைவர் சுனில் சொல்வார், "அக்கே, சீனி வருத்தம் கூட இருக்கிறது மாவனல்லைக்காரங்களுக்குத்தான். வட்டிலாப்பம் சும்மா விடுமா?"

மாவனல்லைக்காரி ரிஸ்னா விடமாட்டாள். "ஒங்கட கெவும் பணியாரம் மட்டும் என்ன, பாணியில குளிச்சிட்டுத்தானே வருது?"

"ரெண்டு பேரும் தோத்தீங்க. ஜெயிக்கப்போறது தோட்டத்து ஆளுங்க. மலை ஏறி இறங்குறாங்க, ஒடம்புல ஒரு பிடி சதை கிடையாது, அவங்களுக்கு எங்க வரப்போகுது?" என்று நான் தீர்ப்புச் சொல்வேன்.

முன் சீட்டிலிருந்து டொக்டர் திரும்பிப் பார்ப்பார். இலங்கை, இந்தியா என்று எங்கள் பக்கத்து நாடுகளின் ஆட்களுக்கு மெலிந்திருக்கும்போதே, வயது குறைவாக இருக்கும்போதே இது வந்துவிடுகிறது என்பார். எந்தப் பரம்பரைக் கூறு இந்த வருத்தத்தைக் கொண்டுவரும் என்று இதுவரை பட்டியல் எழுதியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் இரத்தத்தைப் பார்த்துத்தான் எழுதினார்கள், அதை அப்படியே எங்களுக்குப் போட்டுப் பார்ப்பது அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பர் படிப்பது போல என்றும் சொல்வார். நான் தலையாட்டுவேன். தலை மட்டும்தான் ஆடியது.

நான் சொல்லும் தோட்டம் அரநாயக்கவுக்கு மேலே ஒரு இறப்பர்த் தோட்டம். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசை போட்டோம். வரிசையில் முதல் ஆளாகக் காமாட்சி. பின்னால் அவளுடைய புருஷன் பெருமாள், இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், ஐம்பது வயது. கையில் கத்தி இருந்தால் யார் கத்தி, யார் பெருமாள் என்று தெரியாத அளவுக்கு ஒல்லி. பேச்சை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் மனிதர்.

படிவத்தில் இனம் என்ற இடத்தில் கட்டங்கள் இருந்தன. காமாட்சி அதில் விரலை வைத்தாள்.

"மிஸ், இதுல நாங்க எந்தக் கட்டம்?"

"இந்தியத் தமிழர்."

"இந்தியாவ நான் டிவியிலதான் பாத்திருக்கேன். அந்த சீரியல்ல அழுகுறவங்க எல்லாம் அப்ப நமக்குச் சொந்தமா?"

காம்பரா சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் குரலைத் தணித்தாள். "ரத்தத்தப் பாத்தா எந்த ஊருன்னு தெரியுமாமே. தெரிஞ்சா திருப்பி அனுப்பிருவாங்களான்னு லயத்து வீடுகள்ல கேக்குறாங்க மிஸ்."

அதை அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. டொக்டர் எழுந்து வந்து, உடைந்த தமிழில், இந்த இரத்தத்தில் நோயைத் தவிர வேறு எதையும் தேடமாட்டோம், பெயர் கூட இலக்கமாகத்தான் போகும் என்று நின்று நிதானமாகச் சொன்னார். காமாட்சி கொஞ்ச நேரம் அவருடைய முகத்தையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். வரிசை நகர்ந்தது. அந்தச் சனம் எங்களை எவ்வளவு நம்பிக் கை நீட்டியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நான் செய்தது இன்னும் மோசமாகத் தெரியும்.

அங்கே இரண்டு சோதனை. ஒன்று, வெறும் வயிற்றில் விரலைக் குத்தி அங்கேயே பார்ப்பது. மற்றது, கடந்த மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் சோதனை. அதற்குரிய இரத்தம் ஆய்வுகூடத்துக்குப் போகும். பெருமாளின் விரலைக் குத்தினேன். இருநூற்றைத் தாண்டியது. விரலில் ஏதாவது ஒட்டியிருக்கலாம் என்று சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி மறுபடி குத்தினேன். அதேதான்.

"டீ குடிச்சிட்டு வந்தீங்களா?"

"இல்லீங்க மிஸ்."

"சும்மா சொல்லுங்க. பால் இல்லாம ஒரு வாய் பிளேன்டீ?"

"நான் அவர கண்ணாலயே பூட்டுப் போட்டுக் கூட்டியாந்தேன் மிஸ்" என்றாள் காமாட்சி.

நான் சிரித்தேன். படிவத்தின் ஓரத்தில் "சாப்பிட்டு வந்தவர்" என்று எழுதினேன். அப்படி எழுதினால் அந்த எண்ணை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து அறிக்கைகளோடு போனோம். பெருமாளின் மூன்று மாதச் சராசரி அவ்வளவு அழகாக இருந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்றால் பாருங்கள். எனக்கு வெற்றி தலைக்கேறிவிட்டது. அத்தனை பேர் முன்னால் காகிதத்தை உயர்த்திப் பிடித்தேன்.

"காமாட்சி, ஒங்க பூட்டுக்கு ரெண்டு சாவி இருக்கு போல. மூணு மாசமும் சுத்தம், அன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஏறியிருக்கு. இவரு கள்ள டீ குடிச்சிட்டுத்தான் வந்திருக்காரு!"

காம்பரா குலுங்கிச் சிரித்தது. பெருமாளும் சிரித்தார். காமாட்சி சிரிக்கவில்லை. ஒருவருடைய அறிக்கையை ஊருக்கு முன்னால் வாசிப்பது தவறு என்று உங்கள் வயதிலேயே எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். ஆனால் கைதட்டல் கிடைக்கும் இடத்தில் அது ஞாபகத்துக்கு வருவதில்லை.

இரண்டு வாரம் போனது. ஒரு வியாழக்கிழமை காலை, கேகாலையில் மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தைத் திறக்கப் போனேன். படிக்கட்டில் காமாட்சி உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குக் கட்டும் சேலை. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் பெருமாள்.

"மொத பஸ்ஸுல வந்தோம் மிஸ். நேத்து பொழுது சாஞ்சதுல இருந்து இவரு வாயில பச்சத் தண்ணியத் தவிர எதுவும் போடல. பஸ்ஸுல ஒரு டொபி கூடக் குடுக்கல. இப்ப குத்துங்க."

"எதுக்குக் காமாட்சி இவ்வளவு தூரம்..."

"எதுக்கா? தோட்டம் முழுக்க இவருக்குக் கள்ள டீன்னு பேரு வெச்சிட்டாங்க. காலையில பெரட்டுல வேலைக்குப் பேரு கூப்பிட்டா பின்னால இருந்து டீ டீங்குறாங்க. இவரு சிரிக்கிறாரு. நான் எப்படிச் சிரிக்கிறது? பொய் சொன்னவன் பொண்டாட்டின்னு ஆயிருச்சே."

ரிஸ்னா குத்தினாள். இயந்திரத்தைப் பார்த்தாள். அதை என் பக்கம் திருப்பினாள். முந்நூறுக்கு மேல்.

"இப்ப சொல்லுங்க மிஸ், டீய எங்க ஒளிச்சு வெச்சிருந்தாரு?"

 என் மேசையில் இரண்டு எண்கள். ஒன்று இவருக்குச் சீனி வருத்தம் முற்றியிருக்கிறது என்றது. மற்றது, நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் மூன்று மாதச் சோதனை, இவருக்கு ஒன்றுமே இல்லை என்றது. டொக்டர் கொழும்பில் ஒரு கூட்டத்தில். இந்த அறிக்கையோடு இவரை அனுப்பினால் எந்தக் கிளினிக்கிலும் காகிதத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நானாக இருந்தாலும் அனுப்பியிருப்பேன். போதாதற்குப் பெருமாள் வாயைத் திறந்து, "பேப்பருல நல்லா இருக்குன்னு போட்டிருக்கே மிஸ், விட்டுருங்க. எங்களுக்கு பத்தரை பஸ்ஸு இருக்கு" என்றார்.

அந்த ஒரு நிமிடம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. விட்டுவிட்டால் நான் சொன்னது சரியாகவே இருந்துவிடும்.

பஸ் போனால் போகட்டும் என்று இருவரையும் உட்காரவைத்தேன். மறுபடி இரத்தம் எடுத்தோம். ரிஸ்னா கீழ்க்கடையில் இருந்து இடியப்பமும் சீனி போடாத தேநீரும் வாங்கி வந்தாள். ஒரு வாய் உறிஞ்சிய பெருமாளின் முகத்தைப் பார்த்து ரிஸ்னா, "மருந்து இல்ல நானா, டீதான் ஈக்கி" என்று, அண்ணனை நானா என்னும் தன் ஊர்ப் பேச்சில், சொல்ல வேண்டியிருந்தது.

அதன் பிறகு, அந்தத் தோட்டத்துக்குப் போகத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக, அவரைப் பேசவிட்டேன்.

"மரத்துல காயம் விழுது மிஸ்" என்றார். எனக்கு விளங்கவில்லை. பால் வெட்டும்போது பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டுமாம். ஒரு நூல் ஆழமாகப் போனால் கத்தி கட்டையைத் தொட்டுவிடும். அந்த இடம் முடிச்சு விழுந்து பிறகு பால் வராது. முப்பது வருடமாக அவருடைய மரங்களில் முடிச்சே இருந்ததில்லை. இந்த வருடம் பதினைந்து மரம். "பட்டை ரெண்டா தெரியுது. யார்கிட்டயும் சொல்லல. கங்காணி திங்கக்கிழமைல இருந்து புல்லு வெட்டப் போகச் சொல்லிட்டாரு." சொல்லிவிட்டுத் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காமாட்சி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அவளுக்கே அது புதுச் செய்தி என்று தெரிந்தது.

முற்றிய சீனி கண்ணை மங்கவைக்கும். அப்படியானால் பொய் சொல்வது காகிதம்தான். ஏன்? என்னிடம் வேறு கேள்வி இல்லாததால், சின்ன வயதில் பெரிய காய்ச்சல் ஏதாவது வந்ததா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். காமாட்சிக்கு உயிர் வந்தது.

"மலேரியாவுக்கு இவருக்குக் குளிச குடுத்தாங்க மிஸ். குடிச்ச ரெண்டாம் நாள் மூத்திரம் பிளேன்டீ கலருல போயி, கண்ணு மஞ்சளாகி, பொழைச்சதே பெருசாம். அதுக்கப்பறம் இவங்க அம்மா அந்தக் குளிசய வீட்டுக்குள்ளயே விடல. எங்க அப்பாவுக்கும் அதே மாதிரிதான் ஆச்சு."

"ஒங்க அப்பாவுக்கா?"

"எங்க அப்பா இவருக்குத் தாய்மாமன்தானே மிஸ்!"

மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே கோளாறு. நடுவில் இருப்பது மாமனின் தங்கை, பெருமாளின் அம்மா. அம்மா வழியாக வந்து ஆண்பிள்ளைகளிடம் துலக்கமாகத் தெரியும் ஒரு பரம்பரைக் குறை இரத்தத்தில் உண்டு என்று எப்போதோ படித்தது மண்டைக்குள் எங்கேயோ தட்டியது. டொக்டரைக் கூட்டத்திலிருந்து வெளியே கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "அக்கே, நீங்கள் இப்போதே அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். நான் அங்கே பேசுகிறேன். அந்த மூன்று மாத எண்ணைக் கிழித்துப் போடுங்கள்" என்றார்.

விஷயம் இதுதான். சாப்பிடும் சீனி சிவப்பணுக்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுகிறது. அது எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்ப்பதே மூன்று மாதச் சோதனை. பெருமாளின் சிவப்பணுக்களைக் காக்க வேண்டிய ஒரு பொருள் பிறப்பிலேயே அவருக்குக் குறைவு. அதனால் அவை சீக்கிரமே செத்துப் புதிது வருகிறது. மாதத்துக்கு ஒரு தடவை வெள்ளையடிக்கும் குசினியில் எவ்வளவு கரி படியும்? சுவரைப் பார்த்து இந்த வீட்டில் அடுப்பே எரியவில்லை என்று நான் சொல்லியிருந்தேன். வைத்தியசாலைச் சோதனைகள் இந்தக் குறையை உறுதிப்படுத்தின. ரிஸ்னாதான் சொன்னாள், "அப்ப இது தாய்மாமன் சீர் அக்கா." பெருமாள் அன்றைக்கு முதல் தடவை வாய்விட்டுச் சிரித்தார். "மாமா பொண்ணக் குடுத்தாரு, இதையும் சேத்துக் குடுத்துட்டாரு."

அவருடைய இரத்தத்துக்கு ஒத்துவரும் மாத்திரையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். சில வாரம் புல்லு வெட்டினார். சீனி இறங்க இறங்கப் பார்வையும் தெளிந்தது. மறுபடி கத்தி கைக்கு வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குப் பெருமைதான். ஆனால் அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போன அன்று பின்னேரமே எனக்கு வேறு ஒரு நினைப்பு வந்தது. "சாப்பிட்டு வந்தவர்" என்று நான் பெருமாளுக்கு மட்டுமா எழுதினேன்? கோப்புகளை இறக்கித் தேடினேன். என் கையெழுத்தில் ஏழு பேர். டொக்டரிடம் சொல்லாமலே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடலாமா என்று கூட யோசித்தேன். பஸ்ஸில் வீடு போகும் வழியில் பாதியில் இறங்கித் திரும்பி வந்து அவருக்கு போன் போட்டேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏழு பேரையும் நாங்களே போய்ப் பார்ப்போம்" என்றார், அவ்வளவுதான்.

பெருமாளைத் தவிர ஆறு வீடு ஏறினோம். நான்கு பேருக்கு ஒன்றுமில்லை. அன்று ஏதோ தவறு நடந்திருக்கிறது. ஐந்தாவது, அதே தோட்டத்து மூத்த கங்காணி. கதவைச் சாத்திவிட்டு, "மிஸ், வெளிய சொல்லிறாதீங்க. அன்னைக்கு ரெண்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்றார். ஆறாவது, மலைக்குக் கீழே ஒரு சிங்களக் கிராமத்து வாத்தியார். அவருக்கும் பெருமாளுடைய குறைதான். அதே அழகான மூன்று மாத எண், அதே மறைந்த சீனி வருத்தம். படிவத்தில் அவர் வேறு கட்டம். டொக்டர் அந்த இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "கட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் இவரைத் தேடியே இருக்கமாட்டோம்" என்றார். ஒரு சனத்துக்கு ஒன்று அதிகம், இன்னொரு சனத்துக்குக் குறைவு என்று அட்டவணை போடலாம், போடத்தான் வேண்டும். ஆனால் உங்கள் முன்னால் கை நீட்டி உட்கார்ந்திருப்பது அட்டவணை இல்லை.

மன்னிப்பு ஒன்று மிச்சமிருந்தது. எந்த இடத்தில், யார் முன்னால் சிரிக்கவைத்தேனோ அங்கேதான் கேட்க வேண்டும் என்று ரிஸ்னா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். பிள்ளைக் காம்பராவில் நின்றேன். பெருமாளிடமும் காமாட்சியிடமும் போய், அவருடைய விஷயத்தைச் சொல்லலாமா என்று முதலில் கேட்டுக்கொண்டேன். அதையாவது கற்றுக்கொண்டிருந்தேன்.

"பெருமாள் அன்னைக்கு டீ குடிக்கல. காமாட்சி பொய் சொல்லல. மெஷின் ஒண்ணு சொல்லிச்சு, அவங்க ஒண்ணு சொன்னாங்க, நான் எனக்குப் புடிச்சத எழுதிக்கிட்டேன். தப்பு என்னோடது."

 பின்வரிசையில் ஒரு குரல்: "அப்ப உண்மையிலேயே சாப்பிட்டு வந்தவரு யாரு மிஸ்?"

மூத்த கங்காணி கூரையில் எதையோ தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். சொல்லியிருந்தால் அந்தக் காம்பரா ஒரு மாதத்துக்குச் சிரித்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று.

கூட்டம் கலைந்த பிறகு காமாட்சி வந்தாள். "சரி மிஸ், போகுது விடுங்க" என்று சொல்லிவிட்டு நேரே காரியத்துக்கு வந்தாள். "இது அம்மா வழியா வரும்னு சொன்னீங்களே. எங்க அப்பாவுக்கு இருந்துச்சு, அப்ப என்கிட்டயும் இருக்குமா? இவருக்கும் இருக்கு. எங்க பொண்ணு சாந்தினிக்கு இது ஏழாவது மாசம்."

எங்களில் யாருக்கும் அந்தக் கேள்வி முதலில் தோன்றவில்லை. தாய்மாமன் மகளைக் கட்டிய வீட்டில் குறை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரலாம். அப்படியானால் பெண்பிள்ளைக்கும் வரும். சாந்தினியைச் சோதித்தோம். இருந்தது. இரண்டு பக்கமும் வாங்கியவள் என்பதால் அவளுக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைக்குக் கட்டாயம் இருக்கும். அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு முதல் நாட்களில் மஞ்சள் காமாலை வேகமாக ஏறலாம், கவனிக்காமல் விட்டால் மூளையையே பாதிக்கலாம். அவளுடைய கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில், ஆகாத மருந்துகளையும் பிறந்ததும் பார்க்க வேண்டியதையும் டொக்டர் சிவப்புப் பேனையால் பெரிதாக எழுதினார். காமாட்சி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

"மிஸ், ஆம்பளப் புள்ள. மறுநாளே லேசா மஞ்சள் தெரிஞ்சிச்சு. நான் அந்தச் சிவப்புப் பேனாவக் காட்டிக்கிட்டே வார்டு முழுக்க நடந்தேன். உடனே லைட்டுக்குக் கீழ வெச்சிட்டாங்க. கண்ணுக்குப் பட்டி கட்டி, கையக் கால விரிச்சுக்கிட்டு, கடற்கரையில வெள்ளக்காரன் படுத்திருக்கிற மாதிரி படுத்திருக்கான்."

"இப்ப எப்படி?"

"எறங்கிருச்சாம். நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவாங்களாம். பாக்க வாங்க மிஸ். ஆனா ஊசி கீசி கொண்டு வராதீங்க, வெறுங்கையோட வாங்க."

வெறுங்கையோடுதான் போனேன். சாந்தினி பிள்ளையை என் மடியில் வைத்தாள். நல்ல எலுமிச்சை நிறம் போய் மாநிறத்துக்கு வந்துகொண்டிருந்தான். போர்வைக்கு வெளியே ஒரு கால் உதைத்துக்கொண்டிருந்தது. ஒரு பச்சைக் குழந்தையின் குதிகாலை, எந்த இடத்தில் குத்தினால் இரத்தம் நன்றாக வரும் என்று யோசிக்காமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.